ஜேக் பிரேக்: மலை இறக்கத்தில் டீசல் லாரியை நிதானப்படுத்திய கருவியின் வரலாறு

ஜேக் பிரேக் என்பது கனரக டீசல் லாரி ஒன்று நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது, சக்கரங்களில் உள்ள பிரேக்குகளை அதிகம் நம்பாமல், எஞ்சினைக் கொண்டே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும் கருவி. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த கிளெஸ்ஸி லைல் கம்மின்ஸ் (1888–1968). டீசல் எஞ்சினை அமெரிக்க நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரும் இவரே. 1931-ல் ஒரு மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல்போன லாரியில் இருந்து உயிர் தப்பிய கம்மின்ஸ், அந்தச் சிக்கலுக்கான விடையை இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து, தம் ஓய்வுக்காலத்தில் கண்டடைந்தார். 1961-ல் அது விற்பனைக்கு வந்தது.

டீசல் எஞ்சினைச் சிக்கனமானதாக ஆக்கும் அதே அமைப்புதான் இறக்கத்தில் அதை வலுவற்றதாகவும் ஆக்குகிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் ஜேக் பிரேக்கின் வரலாறு எளிதில் விளங்கும்.

இறக்கத்தின் கணக்கு

மலையில் ஏறும் வண்டி எஞ்சினின் ஆற்றலைச் செலவிட்டு உயரத்தைப் பெறுகிறது. இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் திரும்ப வெளிப்படுகிறது. அதை எங்காவது செலவிட்டாக வேண்டும். செலவிடாவிட்டால் அது வேகமாக மாறும்.

36 டன் எடையுள்ள டிரெய்லர் லாரி ஒன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவதாகக் கொள்வோம். இதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 353 மெகாஜூல். 25 பாகை செல்சியசில் உள்ள 1,100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். சக்கர பிரேக்குகளை மட்டும் பயன்படுத்தினால், இதில் பெரும்பகுதியை பிரேக் டிரம்களும் லைனிங்குகளுமே தாங்க வேண்டியிருக்கும்.

வேகமும் இதில் முக்கியம். 6 விழுக்காடு சரிவில், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 6 மீட்டர் இறங்கும் சாலையில், அதே லாரி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நொடிக்கு நொடி ஏறத்தாழ 175 கிலோவாட் ஆற்றலை அடக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இது 290 கிலோவாட்டைத் தாண்டிவிடும். டயர்களின் உருளல் தடையும் காற்றின் தடையும் இதில் சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும்.

டிரம் பிரேக் சூடேறும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. லைனிங்கின் உராய்வுத் திறன் குறைகிறது. டிரம் விரிவடைந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. ஓட்டுநர் பிரேக்கை மேலும் அழுத்துகிறார். வெப்பம் மேலும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. இது திடீரென முறிந்துபோகும் பழுது அல்ல. நல்ல நிலையில் உள்ள பிரேக்குக்கும் இதே கதி நேரலாம். சமவெளியில் குறையின்றி வேலை செய்த பிரேக், 10 கிலோமீட்டர் இறக்கத்தின் பாதியிலேயே கைவிட்டுவிடக்கூடும்.

டீசலின் பலமும் பலவீனமும்

பெட்ரோல் எஞ்சினில் காற்று செல்லும் வழியில் திராட்டில் என்னும் தடுக்கு உள்ளது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்தத் தடுக்கு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். சக்கரங்களால் சுழற்றப்படும் எஞ்சின், மூடிய வழியாகக் காற்றை இழுக்கப் போராடும். அந்தப் போராட்டமே வண்டியைப் பின்னிழுக்கும் விசையாகிறது.

வழக்கமான டீசல் எஞ்சினில் இந்தத் தடுக்கு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் நிறையக் காற்று தடையின்றி நுழைகிறது. எஞ்சினின் திறன், செலுத்தப்படும் எரிபொருளின் அளவால் மட்டுமே கட்டுப்படுத்தப்படுகிறது. தடையின்றிக் காற்றை இழுப்பதும், அதை மிகுதியாக அழுத்துவதும் டீசலின் சிக்கனத்துக்கு முக்கியக் காரணங்கள்.

இறக்கத்தில் எரிபொருள் நிறுத்தப்பட்டதும் என்ன ஆகிறது? பிஸ்டன் மேலே செல்லும்போது காற்றை அழுத்துகிறது. இதற்கு ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் உருளும் சக்கரங்களிலிருந்து வருகிறது. இதுவரை வண்டி வேகம் குறைகிறது. ஆனால் பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும், அழுத்தப்பட்ட காற்று அதைச் சுருள்வில் போலக் கீழே தள்ளுகிறது. கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடுகிறது. மிஞ்சுவது எஞ்சினின் உள்ளுராய்வும் சிறிதளவு இழப்பும்தான். பாரமான டிரெய்லரைப் பிடித்துநிறுத்த இது போதாது.

கம்மின்ஸும் டீசல் எஞ்சினும்

பண்ணைக் குடும்பத்தில் பிறந்த கம்மின்ஸ் இயந்திரத் தொழிலைப் பெரும்பாலும் செய்து பார்த்தே கற்றவர். இந்தியானாவின் கொலம்பஸ் நகரில் வங்கியாளர் டபிள்யூ. ஜி. இர்வினிடம் கார் ஓட்டுநராக வேலை பார்த்தார். இர்வினின் முதலீட்டில் 1919-ல் கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அக்காலத்தில் டீசல் எஞ்சின்கள் கப்பல்களிலும் ஆலைகளிலும் நிலையாக நின்று வேலை செய்யும் பருத்த இயந்திரங்களாக இருந்தன. அவற்றைச் சாலை வண்டியில் பொருத்த முடியும் என்று அமெரிக்காவில் நம்பியவர்கள் குறைவு. கம்மின்ஸ் ஒரு பழைய பேக்கார்டு காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, 1929 கிறிஸ்துமஸ் நாளில் இர்வினை அதில் அழைத்துச் சென்றார். அடுத்த மாதம் அதே காரை நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்கு ஓட்டிச்சென்றார். அந்தப் பயணத்துக்கான எரிபொருள் செலவு 1.38 டாலர் மட்டுமே. 1931 இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய கார், எரிபொருள் நிரப்பக்கூட நிற்காமல் முழுத் தூரத்தையும் ஓடி 13-ஆம் இடத்தில் முடித்தது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அந்த ஆண்டுகளில் சிக்கனமே டீசலின் மிகப்பெரிய விளம்பரமாக இருந்தது.

கஹோன் கணவாய், 1931

அதே ஆண்டு ஆகஸ்டில், டீசல் லாரியின் திறனைக் காட்டுவதற்காக நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலசுக்கு ஒரு சாதனைப் பயணத்தைக் கம்மின்ஸ் தம் தோழர்களுடன் மேற்கொண்டார். 'இந்தியானா' என்னும் பெயருள்ள லாரியில் கம்மின்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. நாட்டின் பெரும்பகுதியைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் நுழைந்த அவர்கள், கடைசிக் கட்டமாகக் கஹோன் கணவாயில் இறங்கினர்.

சான் கேப்ரியேல் மலைகளுக்கும் சான் பெர்னார்டினோ மலைகளுக்கும் நடுவே உள்ளது இந்தக் கணவாய். ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து சாலை சான் பெர்னார்டினோ சமவெளியை நோக்கி இறங்குகிறது. ரயில் பாதையும் இதே கணவாய் வழியாகவே செல்கிறது.

இறக்கத்தில் லாரியின் பிரேக்குகள் சூடேறிப் பயனற்றுப்போயின. எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. வேகம் கூடிக்கொண்டே போக, கீழே சாலையை ரயில் பாதை வெட்டிச்செல்லும் இடத்தில் ஒரு சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது. ரயிலின் கடைசிப் பகுதி விலகிய நேரமும் லாரி அங்கே சேர்ந்த நேரமும் ஒன்றாக அமைந்ததால் மயிரிழையில் உயிர் தப்பினர்.

டீசலின் சிக்கனத்தை நாட்டுக்குக் காட்டப் புறப்பட்ட பயணம், அதன் பலவீனத்தை அதை உருவாக்கியவருக்கே காட்டிவிட்டது. ஏற்றத்தில் இவ்வளவு உழைக்கும் எஞ்சினை இறக்கத்திலும் உழைக்கவைக்க வேண்டும் என்னும் எண்ணம் கம்மின்சிடம் அப்போது உருவானது. 1967-ல் வெளியான தம் நினைவுக்குறிப்பு நூலான 'மை டேஸ் வித் த டீசல்' என்பதில் தம் டீசல் காலத்து அனுபவங்களை அவர் பதிவுசெய்துள்ளார்.

எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதன் எல்லையும்

இந்தச் சிக்கலுக்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் ஒரு தடுக்கை வைத்து மூடினால், பிஸ்டன் காற்றை வெளியே தள்ளப் போராட வேண்டியிருக்கும். இதுவே எக்ஸாஸ்ட் பிரேக். ஆல்ப்ஸ் மலைச் சாலைகளைக் கொண்ட ஐரோப்பிய நாடுகளில் இது பரவலாகப் பயன்பட்டது. அமைப்பில் எளியது, விலையும் குறைவு, அதிக ஓசையும் எழுப்பாது.

ஆனால் குழாயில் அழுத்தத்தை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. எக்ஸாஸ்ட் வால்வை மூடிவைக்கும் ஸ்பிரிங்கின் வலுவை மீறினால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். மேலும், அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளும் அடிப்படைச் சிக்கலை எக்ஸாஸ்ட் பிரேக் தொடுவதே இல்லை.

ஓய்வுக்குப் பின் கிடைத்த விடை

கஹோன் கணவாய் நிகழ்வுக்குப் பின் கம்மின்ஸ் பல ஆண்டுகள் நிறுவனத்தை வளர்ப்பதில் ஈடுபட்டிருந்தார். 1933-ல் கென்வொர்த் நிறுவனம் தன் லாரிகளில் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்து டீசலுக்கு மாறியது. எஞ்சின்களின் திறன் கூடியதால் லாரிகள் அதிகப் பாரத்துடன் மலையேறின. அவ்வளவு பாரத்துடன் இறங்கவும் வேண்டியிருந்தது.

1955-ல் நிறுவனப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற கம்மின்ஸ், கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் இருந்த தம் வீட்டில் இந்தச் சிக்கலை மீண்டும் கையிலெடுத்தார். செய்யவேண்டியது என்ன என்பது தெளிவாகவே இருந்தது. பிஸ்டன் காற்றை முழுமையாக அழுத்தி உச்சியை நெருங்கும் தருணத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் திறந்துவிட்டால், அழுத்தப்பட்ட காற்று வெளியேறிவிடும். பிஸ்டனைத் திரும்பத் தள்ள எதுவும் இருக்காது. அழுத்தச் செலவான ஆற்றல் வெப்பமாகப் புகைக்குழாய் வழியே போய்விடும்.

சரியான தருணத்தில் அந்த வால்வை எப்படித் திறப்பது என்பதே கடினமான கேள்வி. எக்ஸாஸ்ட் வால்வை இயக்கும் கேம் அந்த நேரத்தில் எந்த அசைவையும் தராது. புதிய கேம்ஷாப்டு வடிவமைத்தால் எஞ்சினையே மாற்ற வேண்டியிருக்கும்.

கம்மின்ஸ் கண்ட விடை எஞ்சினுக்குள்ளேயே இருந்தது. கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருள் இன்ஜெக்டரை இயக்கத் தனியாக ஒரு கேம் உண்டு. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போதுதான் எரிபொருளைச் செலுத்த வேண்டும் என்பதால், அந்தக் கேம் சரியாக அதே தருணத்தில் அசைகிறது. இறக்கத்தில் எரிபொருள் செலுத்தப்படுவதில்லை; ஆனாலும் கேம் வழக்கம்போல் அசைந்துகொண்டேதான் இருக்கும். பயனின்றிப் போகும் அந்த அசைவை எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடத்தினால் போதும்.

செயல்படும் விதம்

இந்தக் கடத்தலை எஞ்சின் ஆயிலைக் கொண்டே கம்மின்ஸ் நிகழ்த்தினார். எஞ்சினின் மேற்பகுதியில், ராக்கர்களுக்கு மேல் ஒரு கூடு பொருத்தப்படுகிறது. பிரேக்கின் பணி பின்வரும் வரிசையில் நடக்கிறது:

1. ஓட்டுநர் சுவிட்சைப் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்தும் கிளட்சிலிருந்தும் காலை எடுக்கும்போது மின்வால்வு திறந்து, எஞ்சின் ஆயில் கூட்டுக்குள் நிரம்புகிறது.
2. உள்ளே சென்ற ஆயில் திரும்ப வழியின்றி அடைபடுகிறது.
3. இன்ஜெக்டரின் புஷ்ராடு மேலெழும்போது முதன்மைப் பிஸ்டன் ஒன்றைத் தள்ளுகிறது.
4. அடைபட்ட ஆயில் அந்த அழுத்தத்தைத் துணைப் பிஸ்டன் ஒன்றுக்குக் கடத்துகிறது.
5. துணைப் பிஸ்டன் எக்ஸாஸ்ட் வால்வை அழுத்தித் திறக்க, சிலிண்டரில் அழுத்தப்பட்ட காற்று வெளியேறுகிறது.

ஓட்டுநர் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆயில் வடிந்து, எஞ்சின் வழக்கமான பணிக்குத் திரும்புகிறது. பிரேக் வேலை செய்யும் நேரம் முழுவதும் எஞ்சின் ஆற்றல் தரும் இயந்திரமாக இல்லாமல், சக்கரங்களின் ஆற்றலை விழுங்கும் கம்ப்ரசராக இயங்குகிறது.

இன்ஜெக்டருக்கெனத் தனிக் கேம் இல்லாத எஞ்சின்களுக்குப் பிற்காலத்தில் வேறு வழி காணப்பட்டது. ஏற்ற நேரத்தில் அசையும் மற்றொரு சிலிண்டரின் வால்வுக் கேமிலிருந்து அசைவு பெறப்பட்டது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பிரேக்குக்கென்றே கேம்ஷாப்டில் தனிப்பகுதி வடிவமைக்கப்படுகிறது.

உற்பத்தியும் பரவலும்

இந்தக் கருவியை உற்பத்தி செய்ய முன்வந்தது ஓர் எஞ்சின் நிறுவனம் அல்ல. துளையிடும் இயந்திரங்களில் துளைக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் 'சக்' என்னும் பாகத்தைத் தயாரித்துப் பெயர்பெற்ற, கனெக்டிகட் மாநிலத்தின் ஜேக்கப்ஸ் நிறுவனமே அதை ஏற்றது. 1961-ல் முதல் பிரேக்குகள் விற்பனைக்கு வந்தன. 'ஜேக்கப்ஸ் பிரேக்' என்பது ஓட்டுநர்களின் பேச்சில் 'ஜேக் பிரேக்' ஆயிற்று. கம்மின்சின் வடிவமைப்புக்கு 1965-ல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது.

காலமும் இக்கருவிக்குச் சாதகமாக இருந்தது. 1956-ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின் மாநிலங்களை இணைக்கும் அகன்ற சாலைகள் மலைகளைக் கடந்து அமைந்துகொண்டிருந்தன. சாலை அகன்று வளைவுகள் குறைந்ததால் லாரிகளின் வேகம் கூடியது. வேகத்தோடு சேர்ந்து பிரேக்கின் சுமையும் கூடியது. ஜேக் பிரேக் இறக்கத்தில் பாதுகாப்பைத் தந்ததோடு, லைனிங்கின் ஆயுளையும் நீட்டித்தது. உயிர்க்காப்பும் செலவுச் சேமிப்பும் ஒரே கருவியில் கிடைத்ததால் மேற்கு மாநிலங்களின் மலைவழி லாரிகளில் அது விரைவில் இடம்பிடித்தது.

டிரெய்லர் இழுக்கும்போது

எஞ்சின் பிரேக் சக்கர பிரேக்குக்கு மாற்று அல்ல, துணை. வண்டியை முழுமையாக நிறுத்த அதனால் இயலாது. அதன் திறன் எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. தாழ்ந்த கியரில், எஞ்சின் வேகமாகச் சுழலும்போதே அது நன்றாகப் பிடிக்கும். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில், வேகம் கூடிய பின் கியர் மாற்ற முயன்றால், கனரக லாரியின் கியர் அடுத்த நிலையில் விழாமல் நியூட்ரலில் சிக்கிக்கொள்ளலாம். அப்போது எஞ்சினின் பிடிப்பு முழுவதும் இல்லாமல்போகும்.

சரியான கியரில் இறங்கும்போதும் வேகம் மெல்லக் கூடினால், சக்கர பிரேக்கை இடைவிடாமல் லேசாக மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அமெரிக்க ஓட்டுநர் பயிற்சிக் கையேடுகள் வேறு முறையைக் கற்றுத்தருகின்றன. பாதுகாப்பான வேகத்தை எட்டியதும் பிரேக்கை உறுதியாக அழுத்தி, வேகத்தை மணிக்கு 5 மைல் அளவு குறைத்து, பின் முழுவதும் விட்டுவிட வேண்டும். வேகம் மீண்டும் கூடினால் இதையே திரும்பச் செய்ய வேண்டும். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் டிரம் சற்றுக் குளிர்கிறது.

டிரெய்லர் லாரிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. எஞ்சின் பிரேக்கின் விசை, எஞ்சினால் இயக்கப்படும் சக்கரங்களில் மட்டுமே செயல்படுகிறது. டிரெய்லரின் சக்கரங்களுக்கு அதில் பங்கில்லை. மழையிலோ பனியிலோ சாலை வழுக்கலாக இருக்கும்போது இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் பிடியிழந்தால், பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, இரண்டும் மடக்குக்கத்தி போல மடங்கிவிடும். எனவே வழுக்கும் சாலையில் எஞ்சின் பிரேக்கை அணைத்துவைக்குமாறு ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. சக்கரம் வழுக்குவதை உணர்ந்து எஞ்சின் பிரேக்கைத் தானாகவே நிறுத்தும் மின்னணு அமைப்புகளும் பின்னர் வந்தன.

ஓசையும் தடைகளும்

மிகுந்த அழுத்தத்தில் உள்ள காற்று ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் திடீரென வெளியேறுவதால், தொடர்வெடிபோன்ற உரத்த ஓசை எழும். நல்ல சைலன்சர் பொருத்திய லாரியில் இந்த ஓசை பெருமளவு அடங்கிவிடும். சைலன்சரைக் கழற்றிய அல்லது மாற்றியமைத்த லாரிகளே பெரும் தொல்லையாகின்றன. அமெரிக்காவின் பல ஊர்களில் எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்னும் பலகைகள் வைக்கப்பட்டன. சில பலகைகள் ஜேக் பிரேக் என்று பெயர் குறிப்பிட்டே தடைசெய்தன. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரை எல்லா எஞ்சின் பிரேக்குகளுக்கும் பொதுப்பெயராக்குவதை ஜேக்கப்ஸ் நிறுவனம் எதிர்த்தது.

ஐரோப்பிய விதிகள்

ஐரோப்பாவில் நீண்ட இறக்கத்துக்கான பிரேக் சட்டப்படியே கேட்கப்பட்டது. ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகள், 5.5 டன்னுக்கு மேற்பட்ட பேருந்துகளுக்கும் 9 டன்னுக்கு மேற்பட்ட பிற மோட்டார் வாகனங்களுக்கும் தொடர்ந்து செயல்படும் தனி பிரேக்கைக் கட்டாயமாக்கின. முழுப் பாரத்துடன் 7 விழுக்காடு சரிவில் 6 கிலோமீட்டர் தூரம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை மீறாமல் வண்டியை அது பிடித்திருக்க வேண்டும். இந்தத் தேவையை நிறைவேற்ற எக்ஸாஸ்ட் பிரேக், எஞ்சின் பிரேக் ஆகியவற்றோடு, எண்ணெயின் சுழற்சியைக் கொண்டோ மின்காந்தத்தைக் கொண்டோ செயல்படும் வேகத்தடுப்புக் கருவிகளும் பயன்படுகின்றன.

சிறு வண்டிகளில்

கனரக லாரிகளின் சிக்கல் பின்னர் சிறு வண்டிகளுக்கும் வந்தது. 1989 மாதிரி டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியில் கம்மின்சின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் இடம்பெற்றது. படகு, குதிரை வண்டி, வீட்டு வண்டி போன்ற டிரெய்லர்களை இழுக்கும் தனிநபர்களிடம் டீசல் பிக்கப்புகள் பரவின. பலர் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கிப் பொருத்திக்கொண்டனர். 2007-ல் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினில், டர்போவில் புகைவழியைக் குறுக்குவதன் மூலம் டர்போவே எக்ஸாஸ்ட் பிரேக்காகச் செயல்படும் வசதி தரப்பட்டது.

அங்கீகாரம்

கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1968 ஆகஸ்ட் 17 அன்று காலமானார். 1985-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் ஜேக்கப்ஸ் எஞ்சின் பிரேக்கை வரலாற்றுச் சிறப்புமிக்க இயந்திரப் பொறியியல் சாதனைகளுள் ஒன்றாக அறிவித்தது. இன்று 13 லிட்டர் அளவுள்ள எஞ்சின்களின் பிரேக்குகள் 300 கிலோவாட்டுக்கும் அதிகமான ஆற்றலை அடக்க வல்லவை. 36 டன் லாரி 6 விழுக்காடு சரிவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைச் சக்கர பிரேக்கைத் தொடாமலேயே ஏற்க இது போதுமானது.

1919-ல் கம்மின்ஸ் தொடங்கிய நிறுவனம், ஜேக் பிரேக்கைத் தயாரிக்கும் ஜேக்கப்ஸ் வெஹிக்கிள் சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2022 ஏப்ரலில் விலைக்கு வாங்கியது. கண்டுபிடித்தவரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்துக்கே, விற்பனைக்கு வந்து 61 ஆண்டுகளுக்குப் பின், அவருடைய கண்டுபிடிப்பு சென்று சேர்ந்தது.